நல்ல தண்ணிக் குடம்

அம்மா,

காலையில் இட்லிப் பானையைத் திறந்தபோது ஆவி குப்பென்று புறங்கையில் அடித்துவிட்டது. "எழுபத்தெட்டு வயசுல ஒங்கள யாரு அடுப்படிக்கு வரச் சொன்னா?" என்று மருமகள் ஓடிவந்தாள். கேட்க வேண்டியதுதான். நான் குழாயைத் திறந்து கையை அதன் கீழே நீட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். "போதும் அத்தை, மாடித் தொட்டி காலியாயிரப் போகுது" என்றாள். "காலியானா ஆகட்டும், நீ போய்ச் சட்னிய அரை" என்று ஒரு அதட்டுப் போட்டேன். போட்ட பிறகு எனக்கே திடுக்கென்றது. அது என் குரல் இல்லை, உன் குரல்.

அப்புறம் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நின்ற தெளிவை மட்டும் இறுத்து, தேங்காய் எண்ணெயோடு சேர்த்து அடித்தேன். வெண்ணெய் மாதிரித் திரண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் இட்லி இறங்கவில்லை. உன் வெள்ளைச் சேலை முந்தானையின் மணம் அது. கையில் பூசிக்கொண்டு, பேரனின் நோட்டிலிருந்து தாள் கிழித்து இதை எழுதுகிறேன். நீ நாற்பத்தெட்டு வயதில் போனாய். இப்போது நான் உன்னைவிட முப்பது வயது மூத்தவள். அந்த உரிமையில் கொஞ்சம் உரக்கவே பேசுவேன், பொறுத்துக்கொள்.

நாரணாபுரத்தில் உன் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நீ நர்சம்மா. நான் நர்சம்மா மூத்த பிள்ளை, எஸ்தர் நர்சம்மா சின்னப் பிள்ளை. சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் மெஷின் ஓட்டிய அப்பாகூட 'நர்சம்மா வீட்டுக்காரர்'தான். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மிஷன்காரர்கள் நடத்திய இரண்டு அறை ஆஸ்பத்திரி உன் ராஜ்யம். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவதும் நீ, கட்டுக் கட்டுவதும் நீ, கூட்டிப் பெருக்குவதும் நீ. பிரசவம் பார்க்க ஆமத்தூர் வரைக்கும் மாட்டு வண்டியில் கூட்டிப்போவார்கள். திரும்பும்போது நடந்து வருவாய். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் உன்னைக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதை அவர்கள் மறந்துபோவார்கள், நீயும் ஞாபகப்படுத்த மாட்டாய். வாசலில் வந்து காலைக் கழுவிக்கொண்டே "பொம்பளப் பிள்ள, நல்ல கனம்" என்பாய், நீயே பெற்ற மாதிரி.

தீபாவளிக்கு முந்தின மூன்று மாதமும் ஊருக்குப் பட்டாசுச் சீசன். உனக்கு அது தீக்காயச் சீசன். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எல்லாம் ஆபீஸ்தான். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ். அங்கிருந்து உன்னிடம் வருகிறவர்களின் கையில் காயத்தைவிட அதன்மேல் பூசியிருப்பது அதிகமாக இருக்கும். மாவு, சாம்பல், பேனா மை. ஒரு கணக்குப்பிள்ளை ஒரு புட்டி மையையும் முழங்கை வரைக்கும் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். "ஐயா, இது கையா, கணக்கு நோட்டா?" என்று நீ கேட்டதை ஊர் ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

வருகிறவர் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்வாய். "மொதல்ல தண்ணி, அப்புறந்தான் அளுகை. சூடு பட்டா எந்தத் தண்ணி கைக்கு எட்டுதோ அந்தத் தண்ணிய ஊத்துங்க. எரிச்சல் அடங்குற மட்டும் ஊத்துங்க." அவர்கள் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "நல்ல தண்ணியவா நர்சம்மா?" என்பார்கள்.

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் கரிசல் மண்ணில் எங்கே தோண்டினாலும் ஊறுவது உப்புத் தண்ணீர். துவைக்கலாம், குளிக்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு, அதாவது நல்ல தண்ணீருக்கு, மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். தோட்டக்காரர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் விடுவார்கள், வீட்டுக்கு ஒரு குடம். அந்த வீட்டு மருமகளுக்கு நீதான் பிரசவம் பார்த்திருந்தாய். "நர்சம்மா, நீங்க ரெண்டு குடம் எடுத்துக்கிடுங்க" என்று அவர்களாகவே சொன்னார்கள். நீ ஒன்றுதான் எடுத்தாய். "வரிசையில நிக்கிறவுக மொகத்துல நாளைக்கு நான் முளிக்கணும்ல" என்றாய். அந்த ஒரு குடம் நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு வந்தாக வேண்டும்.

அதனால்தான் அளவு. குடத்தின் மூடிமேல் ஒரு பித்தளை டம்ளரைக் கவிழ்த்து வைத்திருப்பாய். பள்ளிக்கூடம் போகும்முன் ஒன்று, வந்ததும் ஒன்று, சோற்றோடு ஒன்று. நீ மொண்டு கொடுத்தால்தான் குடிக்கலாம். நீ இல்லாத நேரத்தில் குடத்தைத் தொட அப்பாவுக்கே அனுமதி கிடையாது. ஒருமுறை சொப்புச் சாமானில் சோறு பொங்க அரை டம்ளர் எடுத்துவிட்டேன். முதுகில் ஒன்று வைத்தாய். அதோடு விட்டாயா? அன்று முழுக்க நீ ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, நான் பார்க்க வேண்டும் என்றே குடிக்கவில்லை. அடியைவிட அதுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் அந்தக் குடம் இருந்த மூலைப் பக்கம் போனாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

எனக்குப் பதினொன்று, எஸ்தருக்கு ஆறு. சீசன் உச்சத்தில் இருந்தது. நீ ஆஸ்பத்திரியில், அப்பா அச்சாபீஸில். நமக்கும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்காவுக்கும் ஒரே முற்றம். அக்கா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறவள். உனக்கு அந்த வேலையே ஆகாது. "எம் பிள்ளைக கை பசையத் தொடப்பிடாது, பேனாவத்தான் பிடிக்கணும்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வாய். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "நானா வேண்டாங்கேன்? நீங்க பேனா வாங்கிக் குடுங்க, நான் பசையக் குடுக்கேன்" என்று சிரிப்பாள்.

அன்று மைதா மாவைக் கரைத்துப் பசை காய்ச்ச அடுப்பில் ஏற்றிவிட்டு, ஒட்டின பெட்டிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். "ஏ பிள்ள, கொதி வந்ததும் எறக்கி வச்சிரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் இறக்கி வைத்தேன். சரியாகத்தான் இறக்கினேன், ஒரு ஓரமாகத்தான் வைத்தேன். எஸ்தர் ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு வந்தாள். கல் தடுக்கியது. வலது கை மணிக்கட்டு வரைக்கும் பசைச் சட்டிக்குள் போய்விட்டது.

வெந்நீரென்றால் வழிந்துவிடும். பசை வழியாது. கையுறை மாட்டினதுபோல விரல்களைச் சுற்றி அப்பிக்கொண்டு, சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் நர்சம்மா மகள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மொதல்ல தண்ணி. முற்றத்துக் கல்தொட்டிக்கு ஓடினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. காலையில் உப்புத் தண்ணீர் இறைத்து ரொப்பி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் நீ போயிருந்தாய். நான் அப்புறம் செய்யலாம் என்று விட்டிருந்தேன். வீட்டுக்குள் ஓடினேன். குடத்தின் டம்ளரை எடுத்தேன், மூடியை எடுத்தேன். பாதிக்கு மேலேயே தண்ணீர் இருந்தது. குடத்தின் கழுத்தில் கையும் வைத்துவிட்டேன்.

அங்கேதான் நின்றேன், அம்மா. மறுநாள் காலை வரைக்கும் நாலு பேருக்கு அந்தத் தண்ணீர்தான். ஊற்றிவிட்டால் நீ குடிக்காமல் இருப்பாய் என்று தோன்றியது. எதைத் தொட்டாலும் அதைத் தொடாதே என்று நீ சொன்னது, எந்தத் தண்ணீரானாலும் ஊற்று என்று நீ சொன்னதைவிடச் சத்தமாகக் கேட்டது. மூடியைப் போட்டேன். டம்ளரை மறக்காமல் கவிழ்த்து வைத்தேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி உப்புக் கிணற்றுக்கு ஓடினேன்.

ஒரு வாளி இறைத்து, பாதியைச் சிந்தி, மீதியோடு நான் வந்து சேர்ந்தபோது பசை கையோடு ஒட்டி இறுகிப்போயிருந்தது. பொன்னுத்தாய் அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஏ பிள்ள, அம்புட்டுத் தூரமா ஓடுன? வீட்டுல தண்ணி இல்லையா?"

"இல்லக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். தெருவே கூடியிருந்தது, எல்லாருக்கும் கேட்டது.

யாரோ சைக்கிளில் போய்ச் சொல்ல, நீ செருப்பில்லாமல் ஓடிவந்தாய். "வீட்டுல பொட்டுத் தண்ணி இல்லையாம் நர்சம்மா, பாவம் பிள்ள கிணத்துக்கு ஓடியிருக்கா" என்றாள் அக்கா. நீ துணி எடுக்க உள்ளே போனாய். குடத்தைத் தாண்டித்தான் துணிப்பெட்டிக்குப் போக வேண்டும். பழைய வேட்டித் துணியோடு வெளியே வந்தாய். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா, தண்ணி இல்ல. பாத்து வைக்காமப் போனது என் தப்பு. பொன்னுத்தாயி, ஒன் வீட்டுக் குடத்தக் குடு தாயி."

அவள் குடத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். நீ எஸ்தரை மடியில் போட்டுக்கொண்டு, ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு விரலாகப் பசையை நனைத்து எடுத்தாய். தோலும் சேர்ந்து வந்தது. அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் எஸ்தரைப் பார்க்க வந்தார்கள். வந்த ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கேட்க, நான் திக்கென்று மூலையைப் பார்த்தேன். நம் குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அத்தனை பேர் வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். யாராவது எடுத்து எஸ்தர் கைக்கு ஊற்றியிருக்கலாம். நீ பார்க்காமலேகூட இருந்திருக்கலாம். பார்த்திருந்தால் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

விழுந்தது உனக்குத்தான். அப்பா வந்தார், எஸ்தரைப் பார்த்தார், கை மையைக்கூடத் துடைக்காமல் கத்தினார். "ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்து தண்ணி ஊத்துன்னு சொல்ற. பெத்த பிள்ள கைக்கு ஒரு சொம்புத் தண்ணி வச்சுட்டுப் போகத் தெரியலையா ஒனக்கு?" தப்பாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. நீ தலை நிமிராமல், "தெரியலதான்" என்றாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு எட்டு எடுத்து வைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை.

அந்தப் பேச்சு தெருவோடு நிற்கவில்லை. சில நாள் கழித்து உனக்குச் சாப்பாடு கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். கை வெந்த ஒருவரிடம் நீ வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றாததற்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய். அவர் எகத்தாளமாக, "ஒங்க வீட்டுலயே இல்லையாமுல்ல நர்சம்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ கட்டுப்போடுவதை நிறுத்தவில்லை.

"ஆமாய்யா. இல்லாம எம் பிள்ள கை என்னாச்சுன்னு பாத்தீகள்ல? அதான் சொல்றேன். நீங்க வச்சுக்கிடுங்க."

அந்த வருஷம் முழுக்க அதையே சொன்னாய். உன் மேல் வந்த பழியையே மருந்தாக எடுத்துக் கொடுத்தாய். வேலைக்கு உட்காரும் இடத்தில் ஒரு பானை தண்ணீர் வைக்கிற வழக்கம் நம் தெருவில் அதற்கப்புறம்தான் வந்தது. அந்தப் பானைகளைத் தாண்டும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

வியாழக்கிழமை டாக்டர் எஸ்தரின் கையைப் பார்த்துவிட்டு, "சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிப் போகும். மற்றதும் நிச்சயமில்லை" என்றார். நீ "மடங்க விட மாட்டேன் சார்" என்றாய். அவர் சிரித்தார். அவருக்கு உன்னைத் தெரிந்தது அவ்வளவுதான்.

எல்லா விரலையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்று விரல் விரலாகத் தனித்தனியே கட்டினாய். புண் ஆறத் தொடங்கியதும் தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலையும் நீட்டி நீட்டிவிட வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சாயங்காலம் நீ செய்வாய். காலை வேலையை என்னிடம் கொடுத்தாய். "பிள்ள அளுவா. அளுதாலும் விடப்பிடாது. ஒங்கையிலதான் அவ கை இருக்கு" என்றாய். எஸ்தர் கதறுவாள், என்னைக் கடிப்பாள். என் புஜத்தில் அவள் பல் தடம் இன்னும் லேசாக இருக்கிறது, மருமகள் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தண்டனை கொடுக்கிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு மாதம் போனபின், மோதிர விரல் என் கைக்குள் தானாக ஒரு நெல் அளவு நிமிர்ந்தது. அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அப்புறம் நீ செய்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பொன்னுத்தாய் அக்காவிடம் சொல்லி, தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு கட்டையை வாங்கிவந்தாய். மருந்தில் முக்குவதற்குமுன் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்குவார்களே, அந்த, பள்ளம் பள்ளமாகக் காடிபோட்ட கட்டை. கூடவே மருந்து வைக்காத வெறுங்குச்சி ஒரு மடி. எஸ்தர் முன்னால் வைத்தாய். "அடுக்கு பாப்போம்."

"என்ன நர்சம்மா, ஒங்க வீட்டுலயும் கட்ட அடுக்க ஆரம்பிச்சாச்சா? பேனா என்னாச்சு?" என்று அக்கா கன்னத்தில் கை வைத்தாள்.

"பேனா பிடிக்க விரல் வேணும்ல பொன்னுத்தாயி. மொதல்ல விரல வாங்குவோம்."

அக்கா அதற்கு மேல் கேலி செய்யவில்லை. ஆபீஸில் பிள்ளைகள் எந்த விரலால் குச்சியை எடுத்து எந்த விரலால் தள்ளுவார்கள் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள். எஸ்தர் முதல் நாள் மூன்று குச்சி வைத்தாள். மூன்றும் விழுந்தன. நானும் எதிரே உட்கார்ந்து, வேண்டுமென்றே தோற்றுத் தோற்று அவளோடு பந்தயம் கட்டினேன். நீ எங்களைத் தாண்டிப் போகும்போது ஓரக்கண்ணால் அவள் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டே போவாய். கோடை லீவு வந்தபோது ஒரு வரிசை முழுக்க அடுக்கிவிட்டு, "அக்கா தோத்துட்டா" என்று கத்தினாள். அன்று நான் நிஜமாகவே தோற்றிருந்தேன். நீ அடுப்படியில் போய் நின்று அழுதாய். புகை என்று சொன்னாய். அடுப்புப் பற்றவைக்கவே இல்லை.

சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் வளைவாக நின்றுவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தக் கையால்தான் எஸ்தர் எழுதினாள், பூத்தையல் போட்டாள், பிறகு தையல் டீச்சர் படிப்புக்கும் போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. என் பொய் மட்டும் அப்படியே இருந்தது. டீச்சர் டிரெயினிங் முடித்தேன், வேலைக்குப் போனேன், விருதுநகரில் வாழ்க்கைப்பட்டேன். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தே பஸ் ஏறுவேன். உன் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசுவேன்.

என் மகளை நீதான் கையில் வாங்கினாய். பேத்தி வந்தபின் நீ நீயாகவே இல்லை. எங்களை அதட்டிய வாய் அவளைக் கண்டால் குழைந்துபோகும். அதற்குள் தெருவில் குழாய் வந்திருந்தது. நல்ல தண்ணீர்தான், காலையில் ஒரு மணி நேரம். அப்போதும் அந்தப் பழைய குடத்தில்தான் பிடித்து வைப்பாய்.

ஒருநாள் அவள் தத்தித் தத்திப் போய்க் குடத்தைச் சாய்த்துவிட்டாள். வீடெல்லாம் தண்ணீர். அதில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்து விளையாடுகிறாள். நான் கையை ஓங்கிக்கொண்டு ஓடினேன். நீ குறுக்கே வந்தாய்.

"விடு. ஊத்தட்டும்."

"நல்லாருக்கே! எங்கள இப்பிடி விட்டியாம்மா? அரை டம்ளருக்கு முதுகுல வச்சியே!"

"வச்சேன். அதான் இவள விடுறேன்."

சொல்லிவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்து பேத்தியை மடியில் எடுத்துக்கொண்டாய். அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். எதற்கோ இடம் விட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா, அன்னைக்கு... என்று வாயைத் திறந்தும்விட்டேன். அடுத்த சொல் வரவில்லை. "சரி, பால் பொங்கப் போகுது, போய்ப் பாரு" என்றாய். போய்ப் பார்த்தேன்.

அடுத்த வருஷமே மஞ்சள் காமாலை வந்து ஆறே நாளில் போய்விட்டாய். இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்று நினைத்துத்தான் பாலைப் பார்க்கப் போனேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நானும் எஸ்தரும் உன் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. யாரிடமாவது சொன்னால்தான் நான் பிழைப்பேன் என்று தோன்றியது. சொன்னேன். "எஸ்தரு, அன்னைக்குக் குடத்துல தண்ணி இருந்துச்சு. நான் ஊத்தல. இல்லன்னு பொய் சொன்னேன். அம்மா சாகுற வரைக்கும் அந்தப் பழிய அவதான் சுமந்தா."

எஸ்தர் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது, அம்மா. அன்று சாயங்காலம் அவளைப் பின்கட்டில் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தாய். தெருப் பெண்கள் பார்க்க வருகிற சத்தம் வாசலில் கேட்டிருக்கிறது. நீ அவசர அவசரமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து, நல்ல தண்ணீர் அத்தனையையும் முருங்கை மரத்தடியில் கவிழ்த்திருக்கிறாய். வலியிலும் அவளுக்கு அது அதிசயமாக இருந்திருக்கிறது. ஒரு சொட்டு சிந்தினாலே அதட்டுகிற நீ, பாதிக் குடத்துக்கு மேல் கொட்டுகிறாய். "ஏம்மா கொட்டுற?" என்று கேட்டிருக்கிறாள்.

நீ சொன்னாயாம்: "அக்கா இல்லன்னு சொல்லிட்டா. அப்ப இல்லாமத்தான இருக்கணும்."

அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இத நீ அக்காகிட்டக் கேக்கப்பிடாது. அவளுக்கு என்னையப் பாத்துப் பயம். அந்தப் பயத்த வச்சது நானு. அவளா சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்" என்றாயாம். ஆறு வயதுப் பிள்ளை, வெந்த கையோடு, அதைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியிருக்கிறது. காலையில் நான் விரலை நீட்டிவிடும்போது என்னைக் கடித்தாளே, அப்போதுகூட அதைச் சொல்லவில்லை.

அதைக் கேட்டு நான் அழுத அழுகையைத் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் உனக்காக என்று நினைத்தார்கள். உனக்காகத்தான்.

மறுநாள் வரைக்கும் நாலு பேர் குடிக்க வைத்திருந்த தண்ணீர், அம்மா. அன்றும் மறுநாளும் நீ என்ன குடித்தாய் என்று எனக்குத் தெரியாது. பொன்னுத்தாய் அக்காவிடம் வாங்கிய குடத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நடை நடந்தாய் என்றும் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். சிலேட்டு உடைந்ததற்கும் வீட்டுப்பாடம் காணாமல் போனதற்கும் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன். கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் பயந்த முகத்தோடு ஒரு பிள்ளை என் முன்னால் வந்து நின்றால், எனக்கு உடனே அந்தப் பின்வாசலில் நீ நிற்பது தெரியும். "சரி, போய் உக்காரு" என்றுதான் வாயில் வரும். என்னைக் கண்டிப்பில்லாத டீச்சர் என்று சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பல பிள்ளைகள் இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, தாங்களாகவே வந்து உண்மையைச் சொன்னார்கள். உனக்கு நான் செய்யாததை அவர்கள் எனக்குச் செய்தார்கள். அந்த ஒவ்வொரு முறையும் உனக்குத்தான் நன்றி சொன்னேன்.

எஸ்தரிடம் சொன்னேன், என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஜெபத்தில் எத்தனையோ தரம் சொன்னேன். நீ காத்திருந்தது என் வாயிலிருந்து கேட்க. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நீ இடம் விட்ட அந்த நிமிஷத்தில் வராத சொல்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

தண்ணி இருந்துச்சும்மா. பாதிக் குடத்துக்கு மேலயே இருந்துச்சு.